நிலையுரிமையும் நிலையாச் சான்றும்

நம் கல்லூரியின் மரச்செறிவுக்கு மேலே நாள்தோறும் பறந்து செல்லும் விமானங்களை அண்ணாந்து நோக்காத மாணாக்கர் எவரும் இலர். தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்னும் மூன்று நிலையங்களைக் கடந்து நான்காவதாகிய திரிசூலத்தில் இறங்கியவுடன் எதிரே விமான நிலையம் தோன்றுகின்றது. ஆகவே, அயல்நாடு என்பது நம்மனோர்க்கு நான்கு நிலையங்களுக்கு அப்பால் தொடங்குவதொன்றாம். சேலையூரிலும் செம்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும், பெற்ற மக்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழவிட்டு, முதியோர் இருவர் மட்டும் தனித்து வாழும் இல்லங்கள் தெருத்தோறும் உள. அத்தகைய இல்லம் ஒன்றில் யாம் கண்ட நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

எம் திருச்சபையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சேலையூரில் காலமானார். அடக்க ஆராதனையிற் பாடுதற்குப் பாடகர் குழுவினராகிய யாம் சென்றிருந்தோம். அம்மையாரின் ஒரே மைந்தர் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்பவர். நம் கல்லூரியின் பழைய மாணாக்கர். அவர் வந்திலர். பெட்டியின் தலைமாட்டில் உறவினர் ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் வழியே அவர் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூடியிருந்தோருட் சிலர், “பணம் வந்த பிறகு தாய் எதற்கு?” என்று முணுமுணுத்தனர். யாமும் எம் உள்ளத்தில் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைத்தல் தகாது. கல்லறைத் தோட்டத்தினின்று திரும்புங்கால் அம்மையாரின் கணவர் எம்மை அருகழைத்து, “பிள்ளைகளே, அவனைத் தவறாக நினைக்காதீர்கள். வருவதற்கு அவனிடம் பணமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. திரும்பிப் போவதற்குத்தான் கையில் காகிதம் இல்லை” என்றார்.

அவ்வுரையின் பொருள் அப்பொழுது எமக்கு முற்றும் விளங்கவில்லை. பின்னர் அம்மைந்தரே விளக்கக் கேட்டு அறிந்தோம். அவர் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர். ஆதலின் இந்தியாவுக்கு வருதற்கு எவர் இசைவும் அவருக்கு வேண்டுவதில்லை. அமெரிக்காவில் அவர் பெற்றிருப்பது நிரந்தரக் குடியிருப்பு உரிமை. அவ்வுரிமைக்குச் சான்றாக அந்நாட்டரசு வழங்கும் அட்டையையே நம்மவர் ‘கிரீன் கார்டு’ என வழங்குகின்றனர். அட்டை பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுக்கப்பட வேண்டுவது. உரிமைக்கு அத்தகைய காலவெல்லை இல்லை. அவரோ அட்டை வைத்திருந்த பணப்பையைப் பேருந்தொன்றில் இழந்துவிட்டார். புதிய அட்டைக்கு ‘ஐ-90’ என்னும் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார். அது வந்து சேரும்வரை பயன்படுமாறு கடவுச்சீட்டில் முத்திரையொன்று இட்டுத் தருவர். ‘ஐ-551 முத்திரை’ என்று பெயர் பெற்ற அதுவே நிரந்தர உரிமைக்குரிய தற்காலிகச் சான்று. அம்முத்திரையைப் பெறுதற்குக் குறித்த நாள் வருமுன்னரே தாயார் கண்மூடிவிட்டார்.

‘சான்றின்றியே புறப்பட்டு வந்து, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் வாயிலாகத் திரும்புதற்கு வழி தேடலாகாதா?’ என்று சிலர் வினவக்கூடும். அவ்வழியும் உண்டு. வெளிநாட்டில் அட்டையை இழந்தோர் அல்லது அட்டையின்றி நிற்போர், ஓராண்டுக்குட் திரும்புவோராயின், விமானம் ஏறுதற்குரிய ஆவணத்தைத் துணைத்தூதரகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதற்குக் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. எத்தனை நாள் என்று முன்கூட்டி உறுதி மொழிவார் இல்லை. அவர் பணியோ இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்புத் தாராதது. மனைவியும் பள்ளி செல்லும் மகவுகளும் அங்கேயிருந்தனர். அவ்வுரிமையை அவர் எளிதிற் பெற்றாரும் அல்லர். வேலைவாய்ப்பின் வழியாக ஆண்டுதோறும் அந்நாடு வழங்கும் நிரந்தர உரிமைகளுள், ஒரு நாட்டிற் பிறந்தோர்க்கு நூற்றுக்கு ஏழுக்கு மேற் செல்லலாகாது என்பது பொதுவிதி. அதனால் இந்தியர் பல்லாண்டு வரிசையில் நிற்கின்றனர். அங்ஙனம் நின்று பெற்றதை ஐயத்துக்கு உள்ளாக்கவும் துணியாமல், தாய் முகத்தைக் காணாதிருக்கவும் பொறாமல், அவ்விரவு முழுதும் அவர் பட்ட பாட்டை அவர் சொல்லக் கேட்டபொழுது, எம் முணுமுணுப்பை நினைந்து நாணினோம்.

பதினெட்டாம் நாள் முத்திரையுடன் அவர் வந்தார். தாயின் கல்லறையருகே நின்றார். இரண்டாம் வார இறுதியில் இரவு விமானத்திற்குப் புறப்பட்டார். யாம் சிலர் வழியனுப்பச் சென்றோம். பயணச்சீட்டு இல்லாதார் உள்ளே செல்லுதல் இயலாதாகலின் வாயிற்புறத்தே நின்று விடைகொடுத்துத் திரும்ப முற்பட்டோம். ஆயினும், ‘விமானம் புறப்படும்வரை இருப்போம்’ என்று முதியவர் வேண்டியதால் நின்றோம். நள்ளிரவு கழிந்து நெடுநேரமானபின், சென்றவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். விமான நிறுவனத்தின் அலுவலர் ‘அட்டை எங்கே?’ என்று கேட்டனராம். இவர் முத்திரையைக் காட்டினாராம். அதுபோன்றதொன்றை முன்னர்க் கண்டறியாத அவர், மேலலுவலரை நாட, அவர் தொலைபேசியை நாட, விடை வருமுன் விமானம் போய்விட்டதாம். மறுநாள் இரவு அதே மேசையில் வேறோர் அலுவலர் அதே முத்திரையை ஒருமுறை நோக்கி ‘சரி, ஐயா’ என்று அனுப்பிவைத்தார். இழந்தது ஒரு நாளும் கட்டண மிகுதியுமே எனினும், அந்த ஒரு நாளில் முதியவர் பட்ட துயரம் சொல்லுந்தரத்தன்று. மகன் இனி வேலைக்குத் திரும்ப முடியாதோ, மருமகளும் பேரரும் அங்கே தனித்துவிடப்படுவரோ என்று எண்ணி, அவர் உணவும் கொண்டிலர்.

அந்த அலுவலரைப் பழித்தல் எம் கருத்தன்று. தக்க ஆவணமில்லாதாரை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு தண்டம் விதிக்கும். ஆகவே, ஐயம் தோன்றிய இடத்தில் ஏற்ற மறுப்பதே அவர்க்குக் காப்பாகின்றது. குறை ஆளிடத்தில்லை, முறையிடத்தே உள்ளது. உரிமை வழங்கிய அரசின் பதிவேட்டில் இன்னார் நிரந்தரக் குடியிருப்பாளர் என்று எழுதப்பட்டிருக்கின்றது. அட்டை தொலைந்தமையால் அவ்வெழுத்து அழியவில்லை. எனினும், பதிவேட்டை வைத்திருக்கும் அரசு வாளாவிருக்க, மெய்ப்பிக்கும் சுமை முழுதும் காகிதத்தைச் சுமக்கும் தனி மனிதன் தலைமேல் ஏறுகின்றது. காகிதம் இழந்தவன் உரிமை இழந்தவனாகவே நடத்தப்படுகின்றான். இது நேரிதோ என்பதே யாம் கேட்கும் கேள்வி.

தமிழ் பயிலும் எமக்குப் பட்டினப்பாலை இங்கே நினைவுக்கு வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத் துறையில் ஏற்றுமதியும் இறக்குமதியுமாகிய பண்டங்களின் மேல் சோழர்தம் புலி முத்திரை பொறிக்கப்பட்டதை அந்நூல் கூறுகின்றது. பல மொழி பேசும் அயல்நாட்டார் அந்நகரில் ஒருங்கு கலந்து வாழ்ந்தமையையும் அதுவே கூறுகின்றது. அன்று முத்திரை பொதிகளுக்கு இடப்பட்டது. அப்போஸ்தலனாகிய பவுல் தாம் உரோமக் குடியுரிமையுடன் பிறந்தவர் என்று வாயால் உரைத்த அளவில் அவர்க்கென ஓங்கிய கசை நின்றது. சேனாபதி அவரிடம் ஓலையோ சான்றோ கேட்டதாக நடபடிகளிற் காணோம். பழங்காலத்திலும் கடவுச்சீட்டு முறை அறவே இல்லாமற் போகவில்லை. அர்த்தசாத்திரம் முத்திரைத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுகின்றது. ஆயினும், உலகெங்கும் எளிய மக்கள் ஒவ்வொருவரும் நாட்டெல்லையிற் சான்று காட்ட வேண்டுமென்பது முதல் உலகப் போருக்குப் பின்னரே உறுதியாக வேரூன்றியது. இந்தியாவிலும் நுழைவுக்குரிய கடவுச்சீட்டுச் சட்டம் 1920-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மனிதரின் நெடிய வரலாற்றில் நூறாண்டு என்பது சிறிதே. அந்நூறாண்டுக்குள் இக்காகிதம் விளைத்த துன்பத்துக்கு நம் இனத்திலேயே சான்று உண்டு.

இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டினின்று சென்ற தொழிலாளரை நினைப்போம். தலைமுறை தலைமுறையாக அத்தீவிலே உழைத்தோர், திருமணத்துக்கும் ஈமச் சடங்குக்கும் திருவிழாவுக்கும் தாயகம் வந்து மீளுதல் வழக்கமாயிருந்தது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரைக் குடியுரிமை இல்லாதவராக்கிற்று. அடுத்து, 1949-இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்க்கென ஒரு சட்டம் பிறந்தது. 1946 சனவரி 1-க்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும், இடையறாது அங்கே வாழ்ந்ததை விண்ணப்பிப்போர் மெய்ப்பித்தல் வேண்டும் என்று அது விதித்தது. ஒருமுறை பன்னிரண்டு திங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி எந்தச் சான்றைக் காட்டுவாள்? நோயுற்ற தாயைப் பேணத் திருச்சிராப்பள்ளிச் சிற்றூரொன்றில் ஓராண்டு தங்கியவன் என்ன விடை கூறுவான்? விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தபொழுது, நாடற்று நின்றவர் தொகை 9,75,000 என்று கணக்கிடப்பட்டது. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலை முடித்துவைக்கும் சட்டம் இலங்கையில் 2003-இலேதான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன!

இஃது ஏழை நாடுகளின் குறையென்று எண்ணிவிடலாகாது. 1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலினின்று இங்கிலாந்தின் டில்பரித் துறையில் கரீபியத் தீவினர் இறங்கினர். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் அந்நாட்டில் நிலையாக வாழும் உரிமை பெற்றவர். ஆயினும் பலர்க்கு அதைக் காட்டும் காகிதம் தரப்பட்டதில்லை. அவர் வந்திறங்கியதைக் காட்டும் பதிவுச் சீட்டுகளை அரசின் அலுவலகமே 2010-இல் அழித்துவிட்டது. பின்பு, ‘சான்று காட்டுக’ என்று அவ்வரசே அவரைக் கேட்டது. பிறந்த தீவுக்குச் சென்றோர் சிலர் திரும்பி வர இசைவின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தடைபட்டு நின்றனர். உண்மை வெளிப்பட்டபின், 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கோரினார். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். பதிவேட்டை அழித்தவர் ஒருவர், அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் வேறொருவர் என்றால் அது முறையாகுமோ?

அமெரிக்காவிலும் 2017 சனவரி 27 அன்று ஏழு நாட்டாரின் நுழைவைத் தடுக்கும் ஆணையொன்று பிறந்தபொழுது, முதற் சில நாட்களில் நிரந்தர உரிமையுடையோரே விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டனர். சில நாட்களுக்குள் அவர்க்கு விலக்களிக்கப்பட்டது எனினும், ‘நிரந்தரம்’ என்னும் சொல்லின் வலிமை எத்துணை என்பதை அந்நாட்கள் காட்டின. அடுத்து வந்த பெருந்தொற்றின்போது, 2020 மார்ச்சுத் திங்களில் நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து, இந்தியாவில் 2022 மார்ச்சு 27 அன்றே மீண்டும் தொடங்கிற்று. இடையே தனி ஏற்பாட்டு விமானங்கள் ஓடின எனினும், நோயும் அச்சமும் கட்டணமும் பலரைத் தடுத்தன. பெற்றோரைக் காணச் சில வாரத்துக்கென வந்து ஓராண்டுக்கு மேல் தங்க நேர்ந்தவர்க்கு, அட்டை கையிலிருந்தும் அது மட்டும் போதாதாயிற்று.

எதிர்வாதத்தையும் எண்ணிப் பார்த்தல் கடன். ‘ஒரு நாட்டில் நிலையாக வாழ்வேன் என்று உரிமை பெற்றவன் வேறு நாட்டிலேயே வாழ்ந்துகொண்டு அவ்வுரிமையை வைத்திருத்தல் தகுமோ? பொய் முத்திரையுடன் வருவாரை எங்ஙனம் தடுப்பது?’ என்பர். இரண்டும் நேரிய வினாக்களே. வாழாத இடத்தில் வாழுரிமை கேட்டலை யாமும் ஆதரியோம். ஆயின், உரிமை இழத்தலும் சான்று இழத்தலும் வெவ்வேறு. அமெரிக்கச் சட்டமும் இவ்வேற்றுமையை ஏற்கின்றது: ஒருவர் தாமே துறந்தாலன்றி, அவர் உரிமையை நீக்குதற்கு முறையான விசாரணையும் தீர்ப்பும் வேண்டும். சட்டத்தில் உள்ள இவ்வேற்றுமை விமான நிலைய மேசையில் மறைந்துவிடுகின்றது. பொய்ச் சான்றைத் தடுத்தற்கும் சிறந்த வழி, காகிதத்தைத் திருப்பித் திருப்பி நோக்குவதன்று. மூலப் பதிவேட்டைக் கேட்பதே. பிரித்தானியா தன் குடியிருப்பு அட்டைகளின் காலத்தை 2024 இறுதியோடு முடித்து, மின்பதிவேட்டு முறைக்கு மாறியுள்ளது. பதிவேட்டிற் பிழை நேரின் அங்கும் துன்பமே. எனினும், சுமை உரியவர் தோளுக்கு மாறத் தொடங்கியதை வரவேற்கின்றோம். ஐயம் எழும்பொழுது அரசே தன் ஏட்டைப் பார்த்து, விமானம் புறப்படுமுன் விடை கூறுதல் வேண்டும். விடை கூறத் தவறின், அதன் இழப்பைப் பயணி மேல் ஏற்றலாகாது.

அரசுகள் திருந்தும்வரை நாம் செய்யத்தக்கனவும் உள. வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணாக்கர்க்கு ஒன்று சொல்வோம். அட்டையின் இருபுறத்தையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்திருங்கள். அது தொலைந்தால் அன்றே புதியதற்கு விண்ணப்பித்து, பயணம் எண்ணத்தில் இல்லாதபொழுதும் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள்; ஊரிலுள்ள முதியோரின் அழைப்பு நாள் குறித்து வருவதன்று. புதிதாகக் குடியேறுவோர்க்கு, நுழையும்பொழுது முத்திரையிடப்பட்ட குடியேற்ற விசாவே ஓராண்டுக்குத் தற்காலிகச் சான்றாகும் என்பதையும் அறிந்திருங்கள். பெற்றோரைப் பேண நெடுநாள் தங்க நேருமெனில், அமெரிக்காவை விட்டுப் புறப்படுமுன்னரே ‘ஐ-131’ படிவத்தால் மீள்நுழைவு இசைவு கேளுங்கள். அங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டிய அது இரண்டாண்டு வரை பயன்படும். திரும்பும் வழியில் எவரேனும் உரிமையைத் துறக்கும் ‘ஐ-407’ படிவத்தை நீட்டினால், அதன் பொருளறியாது கையெழுத்திடாதீர்கள். முத்திரை மட்டும் கையிலிருப்பின், அதைப் பற்றிய அரசின் விளக்கத்தை அச்சிட்டு உடன் கொண்டு, விமான நிலையத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகவே செல்லுங்கள்.

நம் பழைய மாணாக்கர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம்மவருள் வழக்கறிஞரும் உளர். விமானத்துறையிற் பணிபுரிவோரும் உளர். ஆண்டுதோறும் நிகழும் பழைய மாணாக்கர் கூட்டத்தில் விருந்துக்கும் உரைக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்கி, இவ்வாவணங்களைப் பற்றி ஐயம் அகற்றினால், அது பல குடும்பங்களுக்குச் செய்யும் பேருதவியாகும். மேற்படிப்புக்கென்று அயல்நாட்டை நோக்கி நிற்கும் எம்போன்ற மாணாக்கரும் கேட்டுப் பயன் பெறுவோம். போகும் வழியைப் பற்றி எமக்குச் சொல்லுவார் பலர். திரும்பும் வழியைப் பற்றிச் சொல்லுவாரைக் காணோம்.

இறுதியாக, ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அடக்கத்துக்கு வராத மகனையோ மகளையோ கண்டபொழுது, ‘அன்பில்லை’ என்று தீர்ப்புக் கூறுமுன் ஒருகணம் நிற்போம். சேலையூர் முதியவர் இப்பொழுதும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகின்றார். யாம் பாடி முடித்தபின் எம்மிடம் வந்து, மகனுக்குப் புதிய அட்டை வந்துவிட்டது என்று அண்மையில் ஒருநாள் கூறினார். “இனி என் காரியத்துக்கு அவனால் வர முடியும்” என்று அவர் சொல்லிச் சிரித்தபொழுது, யாம் என் சொல்வதென்று அறியாது நின்றோம். உயிரோடிருக்கும்பொழுதே மகன் வந்து மீள்வதற்கு ஐயமில்லாத வழி, இவருக்கும் இவர்போன்ற பெற்றோர்க்கும் உண்டாதல் வேண்டும். அதற்காக எழுதினோம்.